தாங்குகயிற்றின் தொய்வு

மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் படகைப் பார்க்க வேண்டும் என்று மாரிச்செல்வி சொன்னாள்.

அவள் அண்ணன் ஜெயபாண்டி முதலில் அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தான். புதியம்புத்தூரில் நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றை அவள் நடத்திவந்தாள். வரன்கள் வந்து வந்து தட்டிப்போய், நாற்பதை நெருங்கும் வயதில் கல்யாணப் பேச்சே வீட்டில் நின்றிருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த வரன். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். பெயர் லிங்கராஜ். சரக்குக் கப்பல்களில் கயிறும் நங்கூரமுமாகப் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"நல்ல மனுசன்தான் செல்வி. ஆனா ஒண்ணு சொல்லுதேன், பெறகு என்னையக் குறை சொல்லாத. மிளகாக்காட்டுக்கு நடுவுல ஒரு படகக் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. பாய்மரப் படகு. ஊரே சிரிக்குது. எவனோ வீடியோ எடுத்து இன்ஸ்டாவுல வேற போட்டிருக்கான்."

"எதுக்காம்?"

"தூத்துக்குடியில கேட்பாரத்துக் கெடந்துச்சாம். வாங்கி லாரியில ஏத்திக் கொண்டாந்துட்டாரு. ரிப்பேரு பாத்துட்டுக் கடலுக்குக் கொண்டு போவாராம்."

மாரிச்செல்வி அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தாள். வெடித்த கறுப்பு மண்ணில் ஒரு வெள்ளைப் படகு. பின்னணியில் ஏதோ சினிமாப் பாட்டு. பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகுதான் அண்ணனிடம் அப்படிச் சொன்னாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயபாண்டியின் ஆம்னி வேனில் இருவரும் போனார்கள். பனைகளுக்கு மேலே, ஓலை இல்லாத ஒற்றைப் பனை போலப் பாய்மரம் முதலில் தெரிந்தது. பக்கத்தில் போகப் போகப் படகு வந்தது. வயிற்றுக்கு அடியில் கட்டைகள் அடுக்கி, இருபுறமும் இரும்பு முட்டுகள் கொடுத்திருந்தது. அதைச் சுற்றிக் களத்தில் மிளகாய்ப்பழம் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு சிவப்புக்கு நடுவில் அந்த வெள்ளை, பகலில் காணும் கனவு மாதிரி நின்றது.

லிங்கராஜ் ஏணி வழியே இறங்கி வந்தார். மெலிந்த ஆள். தாடியில் பாதி நரை. கையில் ஒட்டியிருந்த பிசினைக் கைலியில் துடைத்துக்கொண்டே, "வாங்க, வாங்க" என்றார். வீட்டுக்கு அழைத்துப்போகத்தான் திரும்பினார். மாரிச்செல்வி ஏணியின் பக்கம் நடந்துவிட்டாள்.

"ஏணி ஆடும், பாத்து ஏறுங்க" என்றார் அவர், ஆச்சரியத்தோடு.

ஜெயபாண்டி கீழேயே நின்றுகொண்டான்.

மேலே ஏறியதும் காற்று வேறாக இருந்தது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும் நேரம். "இந்தக் காத்துக்குப் பாய ஏத்திக் காட்டலாம். பெலமா அடிச்சா ஏத்த மாட்டேன், முட்டு தாங்காது" என்றபடி லிங்கராஜ் ஒரு கயிற்றை இழுத்தார். பாய் மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து மேலே ஏறியது. பாயின் அடியோரத்தைப் பிடித்திருந்த நீளமான அலுமினியக் கட்டையை அவர் 'பூம்' என்று சொன்னார். பாய் காற்றை வாங்கியதும் பூம் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து நின்றது.

மாரிச்செல்வி பாயை அண்ணாந்து பார்த்தாள். மேகங்கள் கரிசல்மேல் நிழல் போட்டுக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தன. நிழல்கள் வரிசையாகப் படகுக்கு அடியில் நழுவ நழுவ, படகுதான் கிழக்கே போகிறது என்று கண் நம்பிவிட்டது. களம் போயிற்று. வேலிக்கருவை போயிற்று. கீழே கைகட்டி நின்ற ஜெயபாண்டி, நின்ற வாக்கிலேயே பின்னுக்குப் போனான். அவள் பக்கத்திலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பட். பட். பட்.

கண் விழித்ததுபோல் இருந்தது அவளுக்கு. பாயின் பின்விளிம்பில் ஒரு கயிறு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"டாப்பிங் லிஃப்ட்டும்பாங்க. தாங்குகயிறுன்னு வெச்சுக்கோங்களேன். மரத்து உச்சியிலருந்து பூமோட நுனிக்கு வருதுலா? பாய் எறங்கிக் கெடக்கும்போது பூமத் தாங்குறது அதுதான். பாய் ஏறிட்டா பாயே பூமத் தூக்கிக்கிடும். அப்ப இதுக்கு வேலை இல்ல, தொய்ய விட்டுறணும். இறுக்கமாவே வெச்சா பாய்க்கு வடிவு வராது, சோந்து தொங்கிரும். தொய்ய விட்டா, இந்தா, இப்படிக் கெடந்து அடிக்கும்."

"அது அடிக்காம இருந்தா இங்கன ஒரு சத்தமும் இருக்காதுலா?"

"ஒண்ணும் இருக்காது."

"எங்க யூனிட்ல மெசினப் போட்டா பொழுது அடைய மட்டும் சத்தம். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள்ள தைச்சுக்கிட்டே இருக்கும்."

லிங்கராஜ் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "கப்பல்லயும் அப்படித்தான். இஞ்சின் சத்தத்துலயே தூங்கி, இஞ்சின் சத்தத்துலயே முழிக்கணும். கடல் எப்படி இருக்கும்னு கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இத வாங்கினேன். ஊர்ல சொன்னா யாருக்கும் வெளங்கல."

அவள் தலையாட்டினாள். அவர் பாயை இறக்குவதற்காகக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அப்போது அவள் படகைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "கடலுக்குப் போறப்ப நான் எங்கன உக்காரணும்?" என்று கேட்டாள்.

லிங்கராஜின் கை நின்றது. என்ன கேட்டாள் என்பது மெல்லத்தான் அவருக்கு உறைத்தது. பதில் சொல்ல வாயெடுத்தார், கயிற்றை விட்டுவிட்டார். பாய் சரசரவென்று சரிந்தது. தாங்குகயிற்றை முதலில் இறுக்கியிருக்க வேண்டும், இறுக்கவில்லை. தாங்குவதற்கு எதுவுமில்லாமல் பூமின் நுனி அப்படியே கீழே வந்து, விளிம்பில் ஊன்றியிருந்த அவர் இடதுகையில் இறங்கியது.

விளாத்திகுளத்தில் கட்டுப்போட்டு, கோவில்பட்டிக்கு எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். வேனில் லிங்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். ஒரே ஒருமுறை, "கயிறு மேல தப்பில்ல, நாந்தான் மறந்துட்டேன்" என்றார், யாரோ கயிற்றைத் திட்டியதுபோல.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயபாண்டி தங்கையைத் தனியாகக் கூப்பிட்டான். "பாக்க வந்த அன்னைக்கே ரத்தம். சகுனம் சரியில்ல செல்வி. இத இத்தோட விட்டுருவோம்."

"அவிய என்னாலதான் மறந்தாவ."

"நீ என்னத்தச் செஞ்ச?"

"ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்ட?"

அவள் எக்ஸ்ரே அறையின் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவளே பஸ் ஏறி வந்தாள். பக்கத்துக் காட்டுக்காரர் உச்சிமாகாளி, லிங்கராஜுக்கு மாமா முறை, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏலே லிங்கம், பொண்ணு கையப் பாக்க வந்திருக்கா, படகப் பாக்க வந்திருக்கா?"

"ரெண்டையும்தான் மாமா" என்றாள் மாரிச்செல்வி.

"கடலு அங்கன இருக்கு, படகு இங்கன நிக்குது. உனக்கு ஏத்த ஆளுதான் வந்து சேந்திருக்கு மாப்பிள" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

லிங்கராஜின் இடதுகை கழுத்துத் துணியில் தொங்கியது. அதனால் கயிறுகளெல்லாம் மாரிச்செல்வியின் கைக்கு வந்தன. அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். எதையும் செய்வதற்கு முன்னால் அது எதற்கு என்று கேட்டாள். பாயை ஏற்று, பாய் நிறைந்து பூமைத் தூக்கியதும் தாங்குகயிற்றைத் தளர்த்து, இறக்குவதற்கு முன்னால் தாங்குகயிற்றை இறுக்கிக் கட்டு, பூம் அதில் தொங்குகிறதா என்று கையால் அமுக்கிப் பார், அதற்குப் பிறகுதான் பாய். இந்த வரிசையை அவர் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடிக்கும் கயிற்றை அவளால் விட முடியவில்லை. பாயின் பின்விளிம்பை மடியில் போட்டு விரலால் தடவிப் பார்த்தபோது, கயிறு அடித்த இடமெல்லாம் தையல் பொங்கி நூல் அறுந்திருந்தது.

"சத்தம் மட்டும் இல்ல, தையலையும் தின்னுட்டு இருக்கு."

"தெரியும். கடல்ல நாளெல்லாம் அடிச்சா ஒரு மாசத்துல பாய் கிழிஞ்சுரும். பாய் விறைப்பா நிக்க விளிம்புல செருகியிருக்க பைபர் பட்டை நுனியில கயிறு மாட்டிக்கிட்டா இன்னும் மோசம்."

"அப்ப கொஞ்சமாத் தளத்துவோம். இறுக்கமாவும் இல்லாம, தொய்வாவும் இல்லாம."

செய்து பார்த்தார்கள். கயிறு அடிக்கவில்லை. ஆனால் காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் பூம் கயிற்றில் தொங்க, பாய் நனைந்த சேலை மாதிரிச் சுருங்கித் தொய்ந்தது. தளர்த்தினால் மறுபடி பட், பட். ஒரு காற்றுக்குச் சரியாக இருக்கும் அளவு அடுத்த காற்றுக்குச் சரியில்லை. கயிற்றைக் கழற்றிப் பூமின் ஓரமாகக் கட்டிவைத்துவிடலாம் என்றால், அவசரமாகப் பாயை இறக்கும்போது பூம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

மதியம் வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தது. படகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரிசல் வெயிலில் நெளிந்தது. தூரத்து ஊர்கள் தரையை விட்டுக் கொஞ்சம் மேலே மிதந்தன. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கம் கடல் என்பது மறந்துபோனது.

மாரிச்செல்வி கெட்டியான நூலும் ஊசியும் கொண்டுவந்து பாயின் விளிம்பைக் கையாலேயே தைக்கத் தொடங்கினாள். சித்திரை முழுக்க ஞாயிறுகள் அப்படிப் போயின. அவள் தைத்தாள், அவர் ஒற்றைக்கையால் உப்புத்தாள் வைத்துப் படகின் உடம்பைத் தேய்த்தார். பெரும்பாலும் பேச்சே இல்லை. சில சமயம் அவர் எங்கோ ஒரு துறைமுகத்தில் பனி விழுந்ததைச் சொல்வார். அவள் கேட்டபடியே தைப்பாள். எத்தனை தையல் போட்டோம் என்று நிமிர்ந்து பார்த்தால் வெயில் சாய்ந்திருக்கும்.

ஒருநாள் தன் யூனிட்டிலிருந்து பாவாடை எலாஸ்டிக் கொண்டுவந்தாள். தாங்குகயிற்றில் ஆள் உயரத்துக்கு ஓர் இடத்தில் ஒரு நுனியையும், பூமின் முனையில் இன்னொரு நுனியையும் கட்டினாள். கயிற்றைத் தளர்த்தியபோது தொய்வையெல்லாம் எலாஸ்டிக் சுருக்கித் தன்னோடு வைத்துக்கொண்டது. இறுக்கியபோது நீண்டு விட்டுக்கொடுத்தது. லிங்கராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "பாயிமரத்துக்குப் பாவாடை எலாஸ்டிக்கு! கப்பல்ல சொன்னா நம்ப மாட்டான்."

ஆனால் அடுத்த வாரம் வந்து பார்த்தபோது எலாஸ்டிக் வெயிலில் வெந்து, இழுவை போய், செத்த புழு மாதிரித் தொங்கியது. பாயை ஏற்றினால் கயிறு பழையபடி அடித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கயிற்றுக்காக அழுவது அவளுக்கே வினோதமாக இருந்தது.

"விடுங்க, இப்ப என்ன ஆகிப்போச்சு. யோசனை சரிதான், எலாஸ்டிக்குதான் சரியில்ல" என்றார் அவர்.

கைக்கட்டைப் பிரிக்கக் கோவில்பட்டிக்குப் போன அன்று அவளும் கூட வந்தாள். டாக்டர் கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடை வாசலில் மாரிச்செல்வி நின்றுவிட்டாள். பைக்கின் பின்சீட்டில் மூட்டை கட்டும் ரப்பர் கயிறுகள், மேலே நூல் பின்னி, இரண்டு முனையிலும் கொக்கி வைத்து, வண்ணவண்ணமாகத் தொங்கின. அவள் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என்ன, வண்டிக்கா?" என்றார் கடைக்காரர்.

"வண்டி இல்ல அண்ணாச்சி. மழை வெயிலு தாங்குமா?"

"லாரிக்காரங்களே வாங்கிட்டுப் போறாங்க. வருசக்கணக்கா வெயில்லதான் கெடக்கு."

அன்றைக்கே நேராகப் படகுக்குப் போனார்கள். வைகாசிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. அது பலக்கும் முன்னால் ஒரு தடவை பாயை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்றார் லிங்கராஜ். உச்சிமாகாளி தன் டிராக்டரைக் கொண்டுவந்து முட்டுகளுக்கு அணைவாக நிறுத்தினார். எலாஸ்டிக் இருந்த இடத்தில் மாரிச்செல்வி கறுப்பு ரப்பர் கயிற்றைக் கட்டினாள். பாய் ஏறியது. நிறைந்தது. பூம் எழுந்தது. அவள் தாங்குகயிற்றைத் தளர்த்திவிட்டு, காத்திருந்தாள்.

சத்தம் இல்லை. எங்கோ ஒரு செம்போத்து கூவியது. அதற்குப் பின்னால், அவ்வளவு நாள் கேட்காத ஒன்று கேட்டது. பாயின் மேல் காற்று போகிற ஓசை. ஓசை என்றுகூடச் சொல்ல முடியாது. தூங்கும் குழந்தையின் மூச்சுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் கேட்குமே, அந்த அளவு.

"நீங்க அன்னைக்குக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லல" என்றார் லிங்கராஜ்.

"எதுக்கு?"

"எங்கன உக்காரணும்னு."

அவர் சுக்கானுக்குப் பக்கத்தில், காற்று வரும் பக்கத்துப் பலகையைக் கையால் துடைத்தார். "இங்கன. இங்கன இருந்தா பாயும் தெரியும், முன்னால வாரதும் தெரியும்."

மாரிச்செல்வி போய் அங்கே உட்கார்ந்தாள். கீழே டிராக்டரில் இருந்த உச்சிமாகாளி, "என்னலே, பேச்சு வார்த்தையே காணோம்?" என்று சத்தம் போட்டார்.

ஆவணியில் கோவில்பட்டி செண்பகவல்லியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. ஜெயபாண்டிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். சகுனத்தைப் பற்றி அவன் பேசவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை.

புரட்டாசியில் படகைக் கடலுக்குக் கொண்டுபோக நினைத்திருந்தார்கள். அதற்குள் மழை முந்திக்கொண்டது. கரிசல் மழையைக் குடித்து உப்பி, மிதித்த காலை விடாத பசையாக மாறியது. லாரி என்ன, சைக்கிள்கூடக் காட்டுக்குள் வர முடியவில்லை. ஒரு பக்கத்து முட்டு மண்ணில் இறங்கிப் படகு லேசாகச் சாய்ந்தது. லிங்கராஜும் உச்சிமாகாளியும் முழங்கால் சேற்றில் நின்று பலகை கொடுத்து நிமிர்த்தினார்கள். தை வரை பொறுக்கத்தான் வேண்டும்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் சாயங்காலங்களைப் படகில் கழித்தார்கள். தாங்குகயிற்றை இறுக்கிப் பூமை உயர்த்திக் கட்டி, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டால் கூடாரம் ஆகிவிடும். உள்ளே சின்ன ஸ்டவ்வில் காப்பி. மழை தார்ப்பாயில் விழுந்து வழிந்தது. காட்டில் உளுந்தும் பருத்தியும் முளைத்து ஒரே பச்சையாகப் பரவின. காற்று வந்தால் அந்தப் பச்சை முழுக்கப் படகை நோக்கி மடிந்து மடிந்து வந்தது. மாரிச்செல்வி கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். யூனிட்டில் பகலெல்லாம் கேட்ட மிஷின் சத்தம் காதிலிருந்து கரைந்து போவது அவளுக்குத் தெரியும்.

"கடலுக்குப் போகாட்டாலும் பரவால்ல போல இருக்கே" என்றாள் ஒருநாள்.

"எனக்குப் பரவாயிருக்கு, போயே ஆகணும்" என்றார் அவர்.

மாசியில் தரை இறுகியது. கிரேன் வந்தது, லாரி வந்தது. உச்சிமாகாளி டிராக்டரில் முன்னால் போய் முள்ளை ஒதுக்கி வழி செய்து கொடுத்தார். பாய்மரத்தை இறக்கிப் படுக்கவைத்து, வேம்பாருக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். கரையில் கூடிய மீனவர்கள், கரிசக்காட்டுப் படகு ஒழுகுமா ஒழுகாதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒழுகவில்லை. தரையில் அத்தனை கனமாக நின்ற படகு, தண்ணீரில் விட்டதும் ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்தது. மாரிச்செல்வி அதைச் செய்தும் பார்த்தாள்.

முறையான அனுமதிகள் முடிந்து, பாய்மரத்தை மறுபடி நிறுத்தியபின், ஒரு தெளிந்த காலையில் இருவரும் கிளம்பினார்கள். கரையைத் தாண்டும் வரை சின்ன இஞ்சின். பிறகு பாய் ஏறியது. தாங்குகயிறு தளர்ந்தது, ரப்பர் அதைச் சுருக்கி வைத்துக்கொண்டது. லிங்கராஜ் இஞ்சினை நிறுத்தினார்.

அப்புறம் என்ன நடந்தது என்பதை மாரிச்செல்வியால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஒன்றும் நடக்கவில்லை. படகு கொஞ்சம் சாய்ந்து, தண்ணீரைக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு போனது. பக்கவாட்டில் தண்ணீர் முணுமுணுத்தது. கரை ஒரு பழுப்புக் கோடாக மெலிந்து, பனைகள் அதன்மேல் குத்திவைத்த ஊசிகளாகி, பிறகு அதுவும் கலங்கியது. அவள் தூங்கவில்லை. ஆனால் விழித்திருந்ததாகவும் சொல்ல முடியாது. சிலேட்டு நிறத் தண்ணீருக்கு அடியில் பருத்திக்காடு போவதாகவும், வெடிப்புகளுக்குள் மீன்கள் நுழைந்து வெளிவருவதாகவும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பிற்பகலில் காற்று பலத்தது. தெற்கே வைப்பாற்று முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மணல்திட்டின்மேல் அலைகள் வெள்ளையாக உடைவதை லிங்கராஜ் பார்த்தார். "திருப்புதேன், தலையக் குனிஞ்சுக்கோ" என்று சுக்கானைத் தள்ளினார். பூம் அவர்கள் தலைக்கு மேலே மறுபக்கம் போனது. பாதியில் உதறி நின்றது.

ரப்பரின் கொக்கி தெறித்துக் கழன்றிருந்தது. விடுபட்ட தாங்குகயிறு ஒரு வளையமாகச் சுழன்று, பாயின் விளிம்பிலிருந்த பட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டது. பாய் நடுவில் கிள்ளியதுபோல் மடங்கியது. படகு திரும்பவும் இல்லை, நேராகப் போகவும் இல்லை. பக்கவாட்டாக, அலை உடையும் இடத்தை நோக்கி நகர்ந்தது.

"இழு, கயித்த இழு!"

அவள் தாங்குகயிற்றைப் பிடித்து இழுத்தாள். வளையம் இறுகியது. பாயில் எங்கோ ஒரு தையல் தெறிக்கும் சத்தம் கேட்டது. லிங்கராஜ் இஞ்சினின் பக்கம் கையைக் கொண்டுபோனார். "இஞ்சினப் போட்டுருதேன்."

"கொஞ்சம் பொறுங்க."

அவள் இழுப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். உடைகிற அலையின் இரைச்சல் பக்கத்தில் கேட்டது. கயிற்றின் கட்டை முழுக்க அவிழ்த்து, கையிலிருந்ததையெல்லாம் மேலே விட்டாள்.

"செல்வி, என்ன செய்யுத?"

"விடுதேன்!"

கயிறு மொத்தமும் தளர்ந்து வயிறு போலத் தொங்கியது. ஓர் அலை படகைத் தூக்கி மறுபக்கம் உருட்டியது. வளையம் அகன்று, பட்டையின் நுனியிலிருந்து தானாக நழுவி விழுந்தது. பாய் ஒரு பெரிய சத்தத்தோடு நிமிர்ந்து காற்றை வாங்கியது. லிங்கராஜ் சுக்கானை அணைத்துப் பிடித்தார். படகு ஒரு கணம் நடுங்கிவிட்டு, மூக்கைத் திருப்பிக் கிழக்கே ஓடியது. மணல்திட்டு பின்னால் தங்கிவிட்டது.

பிறகு அவள் கொக்கியை வெட்டி எறிந்துவிட்டு, ரப்பர் கயிற்றை முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் நூலைச் சுற்றித் தைத்தாள். அவர் அதைப் பார்த்தபடி, "நான் இஞ்சினப் போட்டிருந்தா கயிறு பாயக் கிழிச்சிருக்கும்" என்றார்.

"போட வேண்டியிருந்தா போட்டிருப்போம். போட வேண்டாம்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

காற்று தணிந்தபோது ஒரு நாட்டுப்படகு அவர்களை நோக்கி வந்தது. வலையிழுத்துத் திரும்பும் மீனவர்கள். மஞ்சள் டீசர்ட் போட்ட ஒருவர் எழுந்து நின்று கையைக் குவித்துக் கேட்டார்.

"எந்தூருப் படகு?"

"புதியம்புத்தூரு!" என்றாள் மாரிச்செல்வி.

படகு முழுக்கச் சிரிப்பு. "புதியம்புத்தூருல ஏதும்மா கடலு?"

"விளாத்திகுளம்னு சொல்லியிருக்கலாம்லா" என்று முணுமுணுத்தார் லிங்கராஜ்.

"அங்க மட்டும் கடலா இருக்கு?"

மஞ்சள் டீசர்ட்காரர் சிரித்துக்கொண்டே குனிந்து, இரண்டு சங்கரா மீன்களை எடுத்து வீசினார். ஒன்று தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று மாரிச்செல்வியின் மடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்து துள்ளியது. அவள் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். மீனவர்கள் கையசைத்துவிட்டுக் கரைப்பக்கம் போனார்கள். அவர்கள் போன வழியில் தண்ணீர் நெளிந்து நெளிந்து மறுபடி சமமாயிற்று.

"அரிவாமணை கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டார் லிங்கராஜ்.

"கத்தரிக்கோல் இருக்கு" என்றாள் அவள்.